ரோஜாப்பூ போடக் கூடாது

எங்கள் பிளாக்கின் குழாய்களில் தண்ணீர் வந்ததே கிடையாது. ஆற்றங்கரையிலிருந்து எங்களைச் சட்டி பானையோடு லாரியில் ஏற்றி, சதுப்புக்கு நடுவே நட்டு வைத்த எட்டு மாடிக் கட்டடத்தில் இறக்கிவிட்ட நாளிலிருந்தே, சமையல்கட்டில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று என வீட்டுக்கு இரண்டு குழாய் சுவரிலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும், திருகினால் திருகும், உஸ்ஸென்று கொஞ்சம் காற்று விடும், அவ்வளவுதான். தண்ணீர் லாரியில் வரும். லாரி எப்போது வரும் என்று சொல்ல ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதனால் அந்தக் குழாய்கள் ஒருநாள் பேச ஆரம்பித்தபோது யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. இத்தனை வருஷம் தண்டமாக நின்றதுகள் இப்போதாவது ஒரு வேலை செய்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

எப்படிப் பேசியது என்று என்னைக் கேட்க வேண்டாம். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஏன் பேசியது என்று மட்டும் சொல்கிறேன், அதுவும் நானாக நினைத்துக்கொண்டதுதான்.

குழுவில் வீட்டுக்கு ஒரு நம்பர். எங்கள் வீட்டுக்கு அம்மாவின் நம்பர். அம்மா பெயர் தேசம்மா, ஏழாவது மாடி. அட்மின் ஏகாம்பரம் அண்ணன், ஆட்டோ ஓட்டுகிறவர், மூன்றாவது மாடி, நல்ல மனுஷன், ஆனால் ஒரு கெட்ட பழக்கம், டைப் அடிக்க மாட்டார், ஆட்டோ ஓட்டிக்கொண்டே வாய்ஸ் போடுவார், லிஃப்டைப் பற்றி, சாக்கடையைப் பற்றி, சிக்னலில் குறுக்கே வந்தவனின் குடும்பத்தைப் பற்றி, நடுநடுவே ஹாரன் சத்தத்தோடு. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பிளாக்கில் வாய்ஸ் என்று ஒன்று வந்தாலே ஒருத்தரும் திறக்காத வழக்கம் வந்துவிட்டது. யார் போட்டது என்றுகூடப் பார்ப்பதில்லை. விரலால் ஒரு தள்ளு. மற்றபடி காலையில் எழுந்தால் ரோஜாப்பூ, டீ கிளாஸ், சாமி படம், இஞ்சிச் சாறு குடித்தால் எந்த நோயும் வராது என்று ஒன்று, எவனோ லிஃப்டில் ஒண்ணுக்கு அடித்துவிட்டான் என்று ஒன்று, அதற்கு ஒரு சண்டை, சண்டைக்கு நடுவில் மறுபடி ரோஜாப்பூ.

பொங்கல் என்றால் எங்கள் பிளாக்கில் வீடு வீடாக வைக்க மாட்டார்கள், கீழே ஸ்பீக்கர் கட்டி, எல்லாரும் சேர்ந்து ஒரே பெரிய பானையாக வைப்பார்கள். போன பொங்கலுக்கு நான் அங்கே இல்லை. பதினொன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிறவள் நான், பண்டிகை அன்றைக்கு இரட்டைக் கூலி என்று விடிவதற்கு முன்னாலேயே கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டேன். வீட்டில் அம்மாவும் அண்ணனும்தான். அண்ணன் விமலுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங். அன்றைக்கு அடுப்புப் புகையா, பனியா தெரியவில்லை, பம்ப்பு அடித்தும் நிற்கவில்லை. லிஃப்ட் ஓடவில்லை. அம்மா ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள், வருகிறோம் என்றார்கள். அண்ணன் நல்ல ஆகிருதி, உட்கார்ந்தவாக்கில் அம்மா மேல் சாய்ந்திருந்தான், விட்டால் சரிந்துவிடுவான், விட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓட அவளால் முடியவில்லை, கத்தினாள், கீழே ஸ்பீக்கர் அதைவிடப் பெரிதாகக் கத்தியது. ஒரு கையில் அவனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குழுவில் வாய்ஸ் போட்டாள்.

“யாராச்சும் இருக்கீங்களா. ஏழாவது மாடி, தேசம்மா பேசுறேன். விமலுக்கு மூச்சு வரல. தூக்கணும், நாலு பேரு வாங்க. யாராச்சும் இருக்கீங்களா.”

அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது. கீழே பொங்கிக்கொண்டிருந்த அதே பானையை ஆளுக்கொரு பக்கம் நின்று படம் பிடித்து, பக்கத்தில் நிற்கிறவர்களுக்கே குழுவில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் வாய்ஸ் மேல் ஒரு பானை விழுந்தது, அதன் மேல் ஒரு கரும்பு, அதன் மேல் ஒரு பானை, அதன் மேல் இன்னொரு பானை, வாய்ஸ் அடியில் போய்ப் புதைந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோதுதான் எல்லாரும் மேலே பார்த்தார்கள். அப்போது அண்ணன் இல்லை.

நான் வந்தபோது அவனைக் கீழே இறக்கிக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் பொங்கல் பானை அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஏகாம்பரம் அண்ணன் கூட்டம் போட்டார். இனிமேல் குழு ஒழுங்காக இருக்க வேண்டும், விமல் தம்பிக்கு நடந்தது இன்னொரு வீட்டுக்கு நடக்கக் கூடாது என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். உண்மையாகத்தான் அழுதார். அப்புறம் விதிகள் போட்டார்கள். காலை வணக்கம் போடக் கூடாது, ரோஜாப்பூ போடக் கூடாது, பண்டிகை வாழ்த்து, கட்சி, சாமி, வைத்தியம் எதுவும் கூடாது, தண்ணீர் லாரியும் ஆபத்தும் மட்டும்தான் பேச வேண்டும், தேவையில்லாமல் பதில் போடக் கூடாது, வாய்ஸ் வந்தால் கட்டாயம் திறந்து கேட்க வேண்டும், மீறுகிறவர்களுக்கு எச்சரிக்கை, கேட்காவிட்டால் நீக்கம். குழுவின் படமாக என் அண்ணனின் போட்டோவையே வைத்தார்கள், பச்சைச் சட்டை போட்டுச் சிரிக்கிற போட்டோ. குழு கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அந்த அமைதியில்தான் குழாய் பேச ஆரம்பித்தது.

முதலில் பேசியது ஏகாம்பரம் அண்ணனுடைய செய்தி. பாவம், வாய்ஸை விட்டுவிட்டுக் கஷ்டப்பட்டு டைப் அடித்திருந்தார், லாரி பத்து மணிக்கு வரும், அனைவரும் ஒத்துழைக்கவும் என்று. போனில் அது வந்து விழுந்த நேரத்தில், அவர் வீடு தவிர எல்லா வீட்டுச் சமையல்கட்டுக் குழாயும் உஸ்ஸென்று காற்றுவிட்டு, அவர் குரலிலேயே, “ஒருத்தனாச்சும் என்னை ஆளா மதிக்கிறீங்களாடா” என்று கேட்டது. கீழ்த்தளத்தில் டிபன் கடை போடும் பவுனு அக்கா அவசரத்துக்கு என்று சொல்லிக்கொண்டு வடை சூடாக இருக்கிறது என்று போட்டாள். குழாய் அவள் குரலில், “இன்னிக்கும் மிஞ்சிடும் போல, எண்ணெ வேற புதுசு” என்றது. ஆளுக்கு ஆள் எழுதுவது ஒன்று, குழாயில் வருவது அந்த எழுத்துக்கு அடியில் கிடந்தது. அவரவர் போட்டது அவரவர் வீட்டுக் குழாயில் மட்டும் வராது.

இரண்டொரு நாள் சிரிப்பாகப் போனது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குழாயில் காதை வைத்தார்கள். ஒரு வீட்டில் குழாய்க்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். விருந்தாளி வந்தால் டிவியை அணைப்பது மாதிரி குழாய் வாயில் ஈரத்துணி சுற்றினார்கள். குடிநீர் வாரிய ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து, குழாயைத் திருகி, அது பேசுவதைக் கேட்டு, தண்ணீர் வரவில்லை என்று குறித்துக்கொண்டு போனார். ஆனால் ஐந்தாவது மாடியில் ஒருத்தர் செத்து, எல்லாரும் ஆழ்ந்த இரங்கல் என்று போட, அந்த வீட்டுக் குழாய் விதவிதமான குரலில், “நம்ம வூட்ல இல்ல, அது வரைக்கும் சாமி காப்பாத்துச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னதிலிருந்து சிரிப்பு நின்றது. அப்புறம் டைப் அடிப்பதற்கு முன்னால் ஆட்கள் கொஞ்சம் நிற்க ஆரம்பித்தார்கள். நிறையப் பேர் நின்றது நின்றதுதான், ஒன்றுமே போடவில்லை. நல்லது, குழு சுத்தமாகிவிட்டது என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

ஒருநாள் காலை ஆறு மணிக்கு அம்மா ரோஜாப்பூ போட்டாள்.

அதற்கு முன்னால் அம்மா பூப் போட்டதே இல்லை. யாரோ எப்போதோ அனுப்பியது அவள் போனில் கிடந்தது, சிவப்பு ரோஜா, மேலே பனித்துளி, இனிய காலை வணக்கம் என்று மஞ்சள் எழுத்து. போட்டுவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் குழாய் சும்மா இருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு ரஷீதா அக்காவின் சமையல்கட்டிலிருந்து, மேலே எட்டாவது மாடியிலிருந்து, கீழே ஆறு, ஐந்து, நாலு என்று கீழ்த்தளம் வரைக்கும், பிளாக்கின் இரும்புக் குடல் முழுக்க அம்மாவின் குரல் ஓடியது. யாராச்சும் இருக்கீங்களா. ஏழாவது மாடி, தேசம்மா பேசுறேன். விமலுக்கு மூச்சு வரல. தூக்கணும், நாலு பேரு வாங்க. யாராச்சும் இருக்கீங்களா.

பொங்கலன்று ஒருத்தரும் திறக்காத அதே வாய்ஸ். அப்புறமும் யாரும் அதைத் திறந்திருக்கவில்லை, எனக்குத் தெரியும். திறக்கப் பயம். விதிகள் போட்ட கூட்டத்தில்கூட ஒருத்தரும் அதைப் போட்டுக் கேட்கவில்லை.

மறுநாளும் ஆறு மணிக்கு ரோஜாப்பூ. அதற்கு மறுநாளும். அம்மா வீட்டில் அழுகிறவள் இல்லை. அண்ணன் போனபின் ஒருநாளும் நான் பார்க்க அழவில்லை, வழக்கம்போல என்னைத் திட்டினாள், வழக்கம்போல மீன்காரனிடம் சண்டை போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறதே, அது யார் குரல் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுப்படிச் சத்தத்தில் அவள் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் என்ன செய்யவில்லை என்று கேளுங்கள். குழாயில் துணி அடைத்தார்கள், துணியை நனைத்துக்கொண்டு குரல் வந்தது. எம்-சீல் வைத்து அடைத்தார்கள், அது விரிந்து விழுந்தது. ஆறு மணிக்கு மிக்சி போட்டார்கள், பாட்டு வைத்தார்கள், ஒரு வீட்டில் சரியாக அந்த நேரத்துக்குப் பிரஷர் குக்கர் ஏற்றினார்கள், விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் குரல் கேட்டது. சிலர் ஆறு மணிக்கு முன்னால் எழுந்து கீழே போய் நின்றார்கள், பிளாக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டு. கீழே நின்றாலும் கட்டடமே கேட்டது. சாப்பாடு இறங்கவில்லை என்றார்கள். ஒருத்தரும் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். கோபப்பட்டிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

பவுனு அக்கா ஒருநாள் ஏழு மாடி ஏறி வந்தாள், மூச்சு வாங்க, கையில் வடைப் பொட்டலம்.

“தேசம்மா, அத்த போடாதடி.”

“எத்த?”

“பூவ.”

“பூ போட்டா இன்னாக்கா? நீ வடை போடலியா?”

“ரூல் இருக்குதுல்ல.”

“எனக்குப் படிக்கத் தெரியுமா? ரூல் எல்லாம் உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு அம்மா வடையைப் பிட்டுத் தின்றாள். “உப்பு கம்மி.”

பவுனு அக்கா போகும்போது என் கையைப் பிடித்து, “நீயாச்சும் சொல்லேன் யமுனா, கொமரிப் பொண்ணு நீ, உனக்குத் தெரியாததா” என்றாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “ஒரு தடவ, ஒருத்தராச்சும், இருக்கோம்னு திருப்பிப் போட்டீங்களாக்கா?” அவள் படியைப் பார்த்தாள். “தேவையில்லாம பதில் போடக் கூடாதுன்னு ரூல்ல கீதே” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நான் இருக்கோம்னு போட்டா, கொயாயில இன்னா வருமோ, யாருக்குத் தெரியும்” என்றாள்.

அதுதான் விஷயம். விதி சாக்கு. அடியில் கிடப்பது வெளியே வந்துவிடுமே என்று மொத்த பிளாக்கும் பயந்தது.

எச்சரிக்கை வந்தது, அம்மா பூப் போட்டாள். மறுபடி எச்சரிக்கை வந்தது, பூப் போட்டாள். கடைசியில் கூட்டம், கீழே, பொங்கல் வைக்கிற அதே இடத்தில். அம்மா தலையை வாரிக்கொண்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு இறங்கினாள், ரேஷன் கடைக்குப் போவது மாதிரி.

ஏகாம்பரம் அண்ணனால் அம்மாவைப் பார்த்துப் பேச முடியவில்லை. என்னைப் பார்த்துப் பேசினார். “இந்த ரூலே உங்க அண்ணனுக்காகப் போட்டதும்மா. உங்க வூட்டுலயே மீறுனா, நாளைக்கு வேற எவன் கேப்பான்?”

“எம் புள்ளைக்கு எதுக்கு ரூலு?” என்றாள் அம்மா. “அவன் எந்த குரூப்புல கீறான்?”

“அத்தில்லக்கா. உன் குரலு வருது. வூட்டு வூட்டுக்கு. காலைல.”

“எங்க வூட்ல வரலியே. இன்னா சொல்லுது?”

 அத்தனை பேருக்கும் மனப்பாடம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும், ஆனால் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. ஏகாம்பரம் அண்ணன் போனைத் துடைத்தார். பவுனு அக்கா கரண்டியைத் துடைத்தாள். கடைசியில் ரஷீதா அக்காதான், பொங்கலன்று ஆம்பூரில் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தவள், ஊரில் இல்லாத ஒரே ஆள், முன்னால் வந்து, “யாராச்சும் இருக்கீங்களான்னு கேக்குது தேசம்மா” என்றாள்.

அம்மா தலையாட்டினாள். “ஆமா. அன்னிக்கும் அதான் கேட்டேன்.”

அப்புறம் அவளே சொன்னாள். “ஆறு மணியானா கைக்கு ஏதாச்சும் போடணும் போல கீது. எனக்கு வேற இன்னா போடத் தெரியும்? போட்டுட்டு பாத்துக்கினே இருப்பேன். எவனாச்சும், எவளாச்சும், பதிலுக்கு ஒரு பூ போடுறீங்களான்னு. ஒரு கைகூப்பு. ஒரு கட்டவெரலு.”

ஒருத்தர் போட்டிருந்தால் போதும். அன்றைக்கு, அந்த இடத்தில், போனை எடுத்து ஒரே ஒருத்தர். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லார் முகமும் நல்ல முகம்தான், அண்ணன் பாடையைத் தூக்கிய தோள்கள்தான், காரியத்துக்கு அரிசி கொடுத்த கைகள்தான். “நீக்கலாம்னா கை தூக்குங்க” என்றார் ஏகாம்பரம் அண்ணன், சாமி கும்பிடுகிற குரலில். கைகள் எழுந்தன. ரஷீதா அக்கா கை மட்டும் முந்தானைக்குள்ளேயே இருந்தது. ஏகாம்பரம் அண்ணன் போனை அழுத்தினார். அம்மாவின் போன் ஒரு சத்தமும் போடவில்லை. நான் வாங்கிப் பார்த்தேன். நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்று இருந்தது. அதற்கு மேலே அண்ணன் பச்சைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான்.

“வேலை கீது, வா” என்றாள் அம்மா. ஏழு மாடியும் ஏறினோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்மா போனை எடுத்தாள். பூவைத் தேடி எடுத்தாள். போடுவதற்கு இடம் இல்லை, எழுதுகிற கட்டமே காணாமல் போயிருந்தது. அங்கே தடவினாள், இங்கே தடவினாள், அப்புறம் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிளாக் முழுக்க சத்தம் இல்லை. மிக்சி இல்லை, பாட்டு இல்லை, குக்கர் இல்லை. எட்டு மாடியும் தன் தன் சமையல்கட்டில் குழாய்க்கு முன்னால் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அப்படியொரு அமைதியை ஆற்றங்கரையிலும் கேட்டதில்லை, இங்கேயும் கேட்டதில்லை, அண்ணனைக் கிடத்தியிருந்தபோதுகூட அவ்வளவு அமைதி இல்லை.

வெகுநேரம் அப்படியே போனது. அப்புறம் மேல்மாடிக் குழாய் உஸ்ஸென்றது. ரஷீதா அக்கா விதியை மீறியிருந்தாள். என்ன போட்டாள் என்று பிற்பாடு அவள் போனில் பார்த்தேன், ஒரு ரோஜாப்பூ. மாடி மாடியாக அவள் குரல் ஓடியது: “நான் ஊர்ல இல்லாம பூட்டேனே தேசம்மா.” அது அடங்குவதற்குள் பவுனு அக்கா போட்டாள் போல, “பானைல வெல்லம் போட்டுக்கினு இருந்தேன்டி, போனு இடுப்புல அதிர்ந்திச்சு, பானைதான் பெருசுன்னு நின்னேன்.” அப்புறம் யார் யாரோ, ஒன்றன் மேல் ஒன்றாக, பொங்கலன்று பானைகள் விழுந்த மாதிரியே, பூ மேல் பூவாக. வாய்ஸ்னு பாத்தேன், ஏகாம்பரம்னு நெனச்சேன். தேசம்மான்னு பாத்தேன், அப்புறம் கேக்கலாம்னு உட்டேன். படிக்கட்ட நெனச்சேன், ஏழு மாடியான்னு இருந்துச்சு. கடைசியாக ஏகாம்பரம் அண்ணன், “எங்குரல கேட்டுக் கேட்டுத்தான் உன் குரல் யாருக்கும் கேக்காம பூட்டுச்சு யக்கா. இருக்கோம். இருக்கோம்.” கட்டடம் முழுக்க, சுவருக்குள் இரும்பு அதிர, இருக்கோம் இருக்கோம் என்று எல்லாக் குழாயும் சொல்லிற்று.

எங்கள் வீட்டுக் குழாய் மட்டும் சும்மா இருந்தது. நாங்கள் குழுவில் இல்லையே. சுவர்களுக்கு அந்தப் பக்கம் நடக்கிற கல்யாணம் மாதிரி அது எங்களுக்குக் கேட்டது.

அம்மா முழுவதும் கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போதாவது அழுவாள் என்று. அவள் எழுந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

“இப்ப சொல்றாங்க பாரு” என்றாள்.

மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்திருந்த போன் ஒரு தடவை வெளிச்சம் காட்டியது. ஏகாம்பரம் அண்ணன் மறுபடி சேர்த்திருந்தார். அம்மா அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். மூலையிலிருந்து காலிக் குடத்தை எடுத்து, தண்ணீரே வராத அந்தக் குழாய்க்கு அடியில் வைத்து, திருகு போகிற வரைக்கும் திருகித் திறந்துவிட்டாள். படிக்கட்டில் நிறையக் கால்கள் ஏறி வருகிற சத்தம் கேட்டது, நிஜமாகவே, ஒவ்வொரு மாடியாக. கதவைத் திறக்கட்டுமா என்று கேட்டேன். அம்மா குடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நாலு பேரு போதும்னு சொல்லு” என்றாள்.